நீந்தினால் ஃபினோ, ஓடினால் ஓலோரோசோ: ஸ்பெயினின் குளிர்காலச் சாப்பாட்டு மேசை சொல்லும் ஊர்க் கணக்கு!

ஸ்பெயின் என்றதும் வெயில், கடற்கரை, காளைச் சண்டை, தக்காளித் திருவிழா... பலருக்கும் இதுதான் ஞாபகம் வரும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் அந்த நாட்டின் நடுப்பகுதிக்குப் போனால் கதையே வேற. தலைநகர் மாட்ரிட் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு வடக்கே துவேரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே சர்வசாதாரணமாக இறங்கும். அந்தக் குளிரில் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், கூடவே என்ன குடிக்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

ஆனால் உலகச் சந்தையில் இதெல்லாம் சேர்ந்து ‘ஸ்பானிஷ் ஒயின்’ என்ற ஒற்றைப் பெயராகச் சுருங்கிவிடுகிறது. சூப்பர் மார்க்கெட் அலமாரியில் மலிவு விலை சிவப்பு ஒயின் ஒரு வரிசை, அவ்ளோதான். இது ருசி தெரிந்த சிலருடைய கவலை மட்டும் இல்லை. சரிவான மலையிலும் சுண்ணாம்பு மண்ணிலும் திராட்சை வளர்க்கும் சிறு விவசாயிகளின் பிழைப்பு இதில் அடங்கியிருக்கிறது.

பாட்டிலில் ஊர்ப் பெயர் எதற்கு?

நம்மூரில் புவிசார் குறியீடு என்கிறோம் அல்லவா? ஒரு பொருள் இந்த ஊரில், இந்த முறையில் செய்யப்பட்டது என்று சட்டம் தரும் அடையாளம். ஸ்பெயினில் ஒயினுக்கு அதே வேலையைச் செய்வது ‘டெனோமினசியோன் டே ஒரிஹென்’ என்ற முறை. சுருக்கமாக டி.ஓ. எந்த எல்லைக்குள் விளைந்த திராட்சை, எந்த ரகம், ஒரு ஹெக்டேரில் எவ்வளவு அறுவடை செய்யலாம் என்பதையெல்லாம் அந்தந்தப் பகுதியின் ஒழுங்குமுறைக் குழு தீர்மானிக்கும்.

இதில் முதலில் வந்தது வடக்கே இருக்கும் ரியோஹா, 1925-ல். 1991-ல் அதற்கு இன்னும் ஒரு படி உயர்ந்த தகுதி கிடைத்தது. அந்த உயர் தகுதியை ரியோஹாவுடன் பகிர்ந்துகொள்ளும் ஒரே பகுதி, கேட்டலோனியாவில் உள்ள பிரியோராட். இன்று நாடு முழுக்க 60-க்கும் மேற்பட்ட டி.ஓ.க்கள் இருக்கின்றன.

ரியோஹா பாட்டிலில் ‘கிரியான்சா’, ‘ரெசெர்வா’, ‘கிரான் ரெசெர்வா’ என்ற சொற்களைப் பார்க்கலாம். இவை விளம்பர வார்த்தைகள் அல்ல. சிவப்பு ஒயின் என்றால் கிரியான்சாவுக்குக் குறைந்தது 2 ஆண்டுகள், ரெசெர்வாவுக்கு 3 ஆண்டுகள், கிரான் ரெசெர்வாவுக்கு 5 ஆண்டுகள் பக்குவப்பட வேண்டும். அதில் ஒரு பகுதி கட்டாயம் ஓக் மரப் பீப்பாயில் கழிய வேண்டும். ஆனால் கவனியுங்கள், இந்த மூன்று சொற்களும் வயதைத்தான் சொல்கின்றன. எந்தக் கிராமம், எந்தத் தோட்டம் என்று சொல்வதில்லை. பிரச்சினையின் ஒரு நுனி இங்கேதான் இருக்கிறது.

எதற்கு எது பொருந்தும்?

ஒயினையும் உணவையும் ஜோடி சேர்ப்பது ஏதோ ரகசிய வித்தை மாதிரி எழுதப்படுகிறது. உண்மையில் ஸ்பெயின் கிராமங்களின் விதி ரொம்ப சிம்பிள்: அந்த ஊரில் சமைப்பதற்கு, அந்த ஊரில் விளைவது. இதற்குப் பின்னால் அறிவியலும் இருக்கிறது. சிவப்பு ஒயினில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், இறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேரும்போது மென்மையாகத் தெரியும். புளிப்பு உள்ள பானம், வாயில் படியும் கொழுப்பைக் கழுவிவிடும். அவ்வளவுதான் அடிப்படை. மீதி எல்லாம் அந்த ஊர் மண்ணும் வானிலையும் பார்த்துக்கொள்ளும்.

துவேரோ கரையில் தொடங்கலாம். 1982-ல் டி.ஓ. பெற்ற ரிபேரா டெல் துவேரோவில், திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் 700 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. பகலில் வெயில் கொளுத்தும், இரவில் குளிர் நடுக்கும். அதனால் தெம்ப்ரானியோ திராட்சைக்கு இங்கே அடர்த்தியும் புளிப்பும் ஒன்றாகக் கிடைக்கிறது. இந்த ஊரின் குளிர்கால விருந்து ‘லெச்சாசோ’, அதாவது பால்குடி மறக்காத செம்மறிக் குட்டி. மண் சட்டியில் வைத்து, தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்த்து, விறகு அடுப்பில் மெதுவாகச் சுடுவார்கள். மசாலா கிடையாது. கொழுப்பு மிகுந்த அந்தக் கறிக்குத் துவர்ப்பு தேவை. அது பக்கத்துத் தோட்டத்திலேயே இருக்கிறது. அரண்டா டே துவேரோ நகரத்தின் அடியிலோ, இடைக்காலத்தில் தோண்டப்பட்ட ஒயின் சுரங்க அறைகள் இன்றும் இருக்கின்றன.

மாட்ரிட் போனால் ‘கோசீதோ’. கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, சோரீசோ எல்லாம் ஒரே பானையில் மணிக்கணக்கில் கொதிக்கும். பரிமாறுவது மூன்று தவணையாக: முதலில் சேமியா போட்ட சூப், அடுத்து கடலையும் காய்கறியும், கடைசியில் இறைச்சி. இதற்குப் பொருத்தம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மாட்ரிட் மாகாணத்துக்கே 1990 முதல் சொந்த டி.ஓ. இருக்கிறது. கிரேதோஸ் மலையடிவாரத்துப் பழைய கர்னாச்சா கொடிகளில் இருந்து வரும் ஒயின், லேசாகவும் மணமாகவும் இருக்கும். தலைநகரத்துக்கே சொந்த ஒயின் இருக்கிறது என்பது வெளியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வடக்கே அஸ்தூரியாஸில் மழையும் ஈரமும் அதிகம். திராட்சையை விட ஆப்பிள் நன்றாக வரும். அதனால் வெள்ளை பீன்ஸும் ரத்தத் தொத்திறைச்சியும் சேர்ந்த ‘ஃபபாதா’வுக்கு இங்கே துணை ஒயின் இல்லை, ஆப்பிள் சைடர். பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்த கிளாஸில் மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். அந்த வீழ்ச்சியில் நுரை எழும். ஊற்றிய ஒரு வாயை உடனே குடித்துவிட வேண்டும். இந்த சைடர் பண்பாட்டை யுனெஸ்கோ 2024-ல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மேற்கே கலீசியாவில் இரண்டு உலகம். கடலோர ரீயாஸ் பைஷாஸில் அல்பரீன்யோ என்ற புளிப்பான வெள்ளை ஒயின். கிறிஸ்துமஸ் மேசையில் நண்டும் இறாலும் சிப்பியும் வரும்போது அதுதான் ராஜா. உள்நாட்டில் ரிபெய்ரா சாக்ராவில் கதை வேறு. சில் ஆற்றின் செங்குத்தான கரைகளில் படிக்கட்டு படிக்கட்டாகத் தோட்டங்கள். டிராக்டர் ஏறாது, அறுவடைப் பெட்டி மனிதத் தோளில்தான் ஏற வேண்டும். இங்கே விளையும் மென்சியா ஒயின், பிப்ரவரிக் கார்னிவல் நேரத்தில் உப்பிட்ட பன்றி முன்னங்காலும் கசப்புள்ள டர்னிப் கீரையும் சேர்ந்த ‘லக்கோன் கோன் கிரேலோஸ்’ உணவோடு வரும்.

கேட்டலோனியாவின் குளிர்காலக் கொண்டாட்டம் ‘கல்சோட்’. வெங்காயத் தாளுக்கு மண் அணைத்து மண் அணைத்து, தண்டை வெள்ளையாக நீளவிடுவார்கள். ‘கல்சோட்’ என்ற பெயரே அந்த மண் அணைக்கும் வேலையில் இருந்து வந்ததுதான். அதை நேரடித் தீயில் கருகச் சுட்டு, செய்தித்தாளில் சுற்றிவைத்து, தோலை உரித்து, பாதாம் – தக்காளிச் சட்னியில் தோய்த்து, தலையை அண்ணாந்து தின்ன வேண்டும். பார்க்க வேண்டியது அந்த நெருப்பை. குளிர்காலத்தில் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து செய்த காய்ந்த கொடிகள்தான் அதற்கு விறகு. ரியோஹாவிலும் ஆட்டு விலா எலும்புகளை இதே கொடி விறகில்தான் சுடுகிறார்கள். தோட்டம் குடிக்கவும் கொடுக்கிறது, அடுப்புக்கும் கொடுக்கிறது. ‘பொருத்தம்’ என்றால் இதுதான்.

தெற்கே ஹெரெஸ் பகுதியில், வெண்சுண்ணாம்பு மண்ணில் விளையும் பலோமினோ திராட்சையில் இருந்து ஷெர்ரி. புதிய ஒயினைப் பழைய ஒயினோடு அடுக்கடுக்காகக் கலந்துகொண்டே போகும் ‘சோலேரா’ முறை இங்கே பிரபலம். அந்த ஊர் சொலவடை ஒன்று எல்லா வழிகாட்டிகளையும் மிஞ்சும்: நீந்தினால் ஃபினோ, பறந்தால் அமோந்தியாதோ, ஓடினால் ஓலோரோசோ. அதாவது மீனுக்கு ஒன்று, கோழி வகைக்கு ஒன்று, நாலு கால் கறிக்கு ஒன்று. குளிர்காலத்தில் மெதுவாக வேகும் மாட்டு வால் குழம்புக்கு ஓலோரோசோ. கிறிஸ்துமஸ் இனிப்பான துர்ரோன் பாதாம் மிட்டாய்க்கு, வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்த பெட்ரோ ஹிமேனெஸ்.

அப்போ பிரச்சினை எங்கே?

உலகிலேயே அதிகப் பரப்பில் திராட்சைக் கொடி இருக்கும் நாடு ஸ்பெயின்தான். 9 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். ஆனால் அதில் விளையும் ஒயினில் கணிசமான பங்கு, பாட்டிலே இல்லாமல் டேங்கரில் மொத்தமாக ஏற்றுமதி ஆகிறது. வேறு நாட்டில் வேறு பெயரில் அது பாட்டிலில் ஏறும்போது, விளைந்த ஊரின் பெயர் காணாமல் போய்விடுகிறது. பெயர் இல்லாத பொருளுக்கு விலை பேசும் சக்தியும் இல்லை.

விளைவு? ஹெரெஸில் ஒருகாலத்தில் 20,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த தோட்டப் பரப்பு, இன்று சுமார் 7,000 ஹெக்டேர். மலிவான இனிப்பு ஷெர்ரியை மலைபோல் விற்றுத்தள்ளிய காலத்தில், அந்தப் பெயரின் மதிப்பும் சேர்ந்தே விழுந்தது. ரியோஹாவில் 2023-ல், தேங்கிக்கிடந்த இருப்பைச் சமாளிக்க, பழுக்காத திராட்சையைக் கொடியிலேயே வெட்டித் தள்ளுவதற்கு மானியம் தர வேண்டிய நிலை வந்தது. விளைந்ததை அழிக்கக் காசு கொடுப்பதை விட ஒரு விவசாயிக்கு வலிக்கும் விஷயம் என்ன இருக்க முடியும்?

நுரைக்கும் ஒயினான ‘காவா’விலும் இதே கதை. மலிவு விலைப் பாட்டில்களோடு தங்கள் ஒயினும் ஒரே பெயரில் விற்கப்படுவதைச் சகிக்க முடியாமல், கேட்டலோனியாவின் சில தயாரிப்பாளர்கள் 2019-ல் காவா டி.ஓ.வில் இருந்தே வெளியேறினார்கள். ‘கோர்பின்னாட்’ என்று தனிப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

‘ஊர் ஊர்னு பிரிச்சா குழப்பம்தானே?’

நியாயமான கேள்விதான். 60-க்கும் மேற்பட்ட பெயர்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? சாதாரண வாங்குபவருக்கு ‘ரியோஹா’ என்ற ஒரு பெயரே போதும் என்று பெரிய நிறுவனங்கள் சொல்வதிலும் ஒரு லாஜிக் இருக்கிறது. ஒரே பிராண்ட், ஒரே ருசி, சந்தைப்படுத்துவது சுலபம். சிறு கிராமப் பெயர்கள், பணக்காரர்களின் பொழுதுபோக்காக மட்டும் முடியும் ஆபத்தும் உண்டு.

ஆனால் யாரும் 60 பெயரையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முன்னால் இருக்கும் தட்டு எந்த ஊருடையது என்று தெரிந்தால் போதும். பாதி விடை கையில். அந்த வகையில் உணவுதான் ஒயினுக்கு எளிதான அகராதி. வாங்குபவருக்குக் குழப்பம் வருவது பெயர்கள் அதிகம் இருப்பதால் அல்ல, பெயருக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பை யாரும் சொல்லித்தராததால்.

இன்னொரு வாதமும் இருக்கிறது. மது எந்த அளவிலும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் ஒயின் குடிப்பது குறைந்துகொண்டே வருகிறது. நல்ல விஷயம்தான். அப்படியிருக்க, விவசாயிக்கு உதவுகிறோம் என்று இன்னும் அதிகமாக விற்க வழி தேடுவது தப்பான கணக்கு. அளவு குறையத்தான் போகிறது. குறையும்போது எது மிஞ்ச வேண்டும் என்பதே கேள்வி. சமவெளியில் எந்திரம் ஓட்டி மலிவாக விளைவிப்பது மட்டும் மிஞ்சினால், சில் ஆற்றுப் படிக்கட்டுகள் புதர் மண்டிப் போகும். கொடி போன இடத்தில் ஊரும் காலியாகும்.

என்ன செய்யலாம்?

வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. பிரியோராட் 2009 முதலே கிராமப் பெயரைப் பாட்டிலில் அனுமதிக்கிறது. ரியோஹாவும் 2017-ல் கிராமப் பெயர், தனித் தோட்டப் பெயர் போட விதிகளை மாற்றியது. இதை விருப்பத் தேர்வாக ஓரத்தில் வைக்காமல் லேபிளின் முகப்புக்குக் கொண்டுவர வேண்டும். மொத்தமாக டேங்கரில் போகும் ஒயினுக்கும், எங்கே விளைந்தது என்ற தகவல் கடைசி பாட்டில் வரை கூடவே போக வேண்டும். மாட்ரிட் உணவகங்கள் கோசீதோவுக்குப் பக்கத்தில் மாட்ரிட் ஒயினை எழுதிவைப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, மனசு இருந்தால் போதும்.

ஸ்பெயின்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. டிசம்பர் 31 நள்ளிரவில் மணி 12 அடிக்கும்போது, ஒவ்வோர் அடிக்கும் ஒரு திராட்சை என 12 திராட்சைகள் சாப்பிடுவது அங்கே பழக்கம். அதில் பெரும்பங்கு அலிகாந்தே மாகாணத்தின் வினலோபோ பள்ளத்தாக்கில் இருந்து வருகிறது. ஒவ்வொரு குலைக்கும் கொடியிலேயே காகிதப் பை கட்டி, பூச்சியிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பாற்றி, டிசம்பர் வரை காக்கவைக்கிறார்கள். அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. சாப்பிடும் 12 திராட்சைக்கு ஊர் கேட்கும் நாடு, பிழிந்த திராட்சைக்கும் அதே கேள்வியைக் கேட்டால் போதும்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது.)