பொருளா, பணமா? நலத்திட்டங்களும் நம் கல்லாப்பெட்டியும்

அரசின் நலத்திட்டம் என்ற பேச்சு எழுந்தாலே நம் வணிகர்களில் பலர், "நாம் வரி கட்டுகிறோம், ஊரார் இலவசமாக வாங்கிப் போகிறார்கள்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கடைப் பேரேட்டில் பற்றையும் வரவையும் தனித்தனியே எழுதத் தெரிந்த நாம், அரசுக் கணக்கை மட்டும் இப்படி மொத்தமாகப் பார்க்கலாமா?

முதலில் வரவைப் பார்ப்போம். வரியில் நேர்முக வரி, மறைமுக வரி என இரண்டு உண்டு. வருமான வரி நேர்முகமானது. அதைக் கட்டுவோர் சிலரே. சரக்கு சேவை வரி மறைமுகமானது. நம் கடையில் குளியல் சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் விலையோடு சேர்த்து அதைக் கட்டுகிறார். சோப்புக்கும் பற்பசைக்கும் 18 சதவீதமாக இருந்த அந்த வரி 2025 செப்டம்பர் 22 அன்றுதான் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதுவரை அந்த 18 சதவீதத்தை அவரிடம் வசூலித்து அரசுக்குச் செலுத்தியவர்கள் நாமேதான். ஆகவே ஏழை வரி கட்டாதவர் என்ற பேச்சை முதலில் விடுவோம்.

அடுத்தது பற்று. அரசு மக்களுக்கு உதவும் வழிகள் மூன்று. பொருளாகவே கொடுப்பது ஒன்று: 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. விலையில் ஒரு பகுதியை அரசே ஏற்பது இரண்டாவது. இதற்குத்தான் மானியம் என்று பெயர். 2007-இல் துவரம் பருப்பும் பாமாயிலும் வெளிச்சந்தையை விடக் குறைந்த விலையில் ரேஷன் கடைக்கு வந்தது இவ்வகை. பணமாகக் கொடுப்பது மூன்றாவது: 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1000 ரூபாய் இவ்வகை.

மளிகைக்காரருக்கு இந்த மூன்றும் ஒன்றல்ல. பொங்கல் பரிசையே எடுத்துக்கொள்வோம். 2021-இல் அரிசி அட்டைதாரர்களுக்கு 2500 ரூபாய் ரொக்கம் கிடைத்தது. இரண்டு கோடி அட்டை என்று வைத்தாலே 5000 கோடி ரூபாய்! அது பண்டிகைக்கு முன் கடைத்தெருவுக்கு வரக்கூடிய பணம். 2022-இல் ரொக்கம் இல்லை. 21 பொருள்கள் அடங்கிய பை வந்தது. வெல்லம், முந்திரி, ஏலக்காய், நெய், மிளகு, சீரகம், மஞ்சள்தூள், புளி என்று தை மாதத்துக்காக நாம் கொள்முதல் செய்யும் சரக்கெல்லாம் அந்தப் பையில் இருந்தது. வெல்லத்தின் தரம் பற்றிப் பல ஊர்களில் புகார் எழுந்தது. பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தை இருக்கும் மாவட்டத்துக்காரர்களுக்கு நல்ல வெல்லத்தின் அருமையைச் சொல்லவும் வேண்டுமா? 2023-இல் மீண்டும் 1000 ரூபாயும், பச்சரிசி, சர்க்கரை, கரும்பும் என்று திட்டம் மாறியது.

அப்படியானால் எல்லாவற்றையும் பணமாகவே கொடுத்துவிடச் சொல்லலாமா? கூடாது என்பதே என் கருத்து. அரிசி விலை ஏறினால் 1000 ரூபாய்க்குக் கிடைக்கும் அரிசி குறைந்துபோகும். ரேஷன் அட்டைக்கு உரிய 20 கிலோ அரிசி 20 கிலோவாகவே இருக்கும். 1997-இல் மத்திய அரசு ஏழைகளைத் தனியே பிரித்து ரேஷன் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தபோதும், தமிழகம் அனைவருக்கும் ரேஷன் என்பதைக் கைவிடவில்லை. அதனால் நம் அரிசி வியாபாரம் குறைந்தது உண்மை. ஆனால் அரிசிக்குப் போகாத பணம்தான் எண்ணெயாகவும் மசாலாவாகவும் நம்மிடம் வருகிறது. சத்துணவு முட்டையும் அப்படியே. 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கி, 2010-இல் வாரம் ஐந்து என்று உயர்ந்த அந்த முட்டையைக் காசாகக் கொடுத்தால் பிள்ளையின் தட்டுக்கு வந்து சேரும் என்று யாரால் உறுதி கூற முடியும்? நாமக்கல் பண்ணைகளுக்கும் அது நிலையான விற்பனை.

நம் பக்கம் செய்யவேண்டியதும் உண்டு. வீட்டுக்கு வேண்டாத ரேஷன் அரிசி கைமாறுவதும், மாவாகவும் தீவனமாகவும் போவதும் ஊரறிந்த செய்தி. அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் 1955-இன் கீழ் அது குற்றம். அந்தச் சரக்கைத் தொடுபவர் எவராயினும் அவருக்காகச் சங்கம் பரிந்து பேசக்கூடாது. கையில் கறை வைத்துக்கொண்டு அரசிடம் நியாயம் கேட்க முடியாது.

பணம் வந்தால் அது நம் கடைக்கே வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. புதுச்சத்திரத்தில் பேருந்து ஏறினால் நாமக்கல்லின் பெரிய கடைகள் தூரமில்லை. சரியான எடை, நியாயமான விலை, மரியாதையான பேச்சு இருந்தால்தான் அந்த 1000 ரூபாயில் ஒரு பகுதியேனும் உள்ளூரில் தங்கும்.

ஆகவே சங்கம் அரசிடம் மூன்று கேட்கவேண்டும். அரிசியும் பிள்ளைகளின் உணவும் பொருளாகவே தொடரட்டும். மற்ற மளிகையைப் பையில் போடாமல் பணமாகத் தரட்டும். பொங்கலுக்குப் பணமா, பொருளா என்பதைக் கார்த்திகைக்குள் அறிவிக்கட்டும். கொள்முதல் முடிந்தபின் அறிவித்தால் நட்டம் சிறு வணிகருக்கே. பொருளாகத்தான் தருவதென்றால், வெல்லத்தையும் பருப்பையும் அந்தந்த மாவட்டச் சந்தையிலேயே வாங்கட்டும். "இலவசம் ஒழிக" என்று கூவுவதை விட, இந்த மூன்றையும் கோரிக்கை மனுவாக எழுதிக் கொடுப்பது நமக்குப் பயன் தரும்.