‘இந்தப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு...’

சில மாதங்களுக்கு முன்பு ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாய் எழுந்து, “எட்டாவது படிக்கிற என் மகனுக்கு இன்னும் வகுத்தல் கணக்கு வரலையே சார்” என்றார். ஆசிரியர் கோபப்படவில்லை. சலிப்போடுதான் சொன்னார்: “என்னம்மா செய்யச் சொல்றீங்க? இந்தப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு இவ்வளவுதான் முடியும்.”

‘இந்தப் பிள்ளைகள்’ யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாய் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டது கற்பித்தல் பற்றிய கேள்வி. கிடைத்ததோ சாதியைப் பற்றிய பதில்.

தோழர்களே, நம்மில் பலர் இந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். கோபப்பட்டுக் கடந்துபோவதைவிட, அதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. சேரிப் பிள்ளைகள் அதிகமாகப் படிக்கும் பள்ளியில் கற்றல் நிலை தாழ்ந்திருக்கலாம். அதை மறைத்து நமக்கு ஆகப்போவது எதுவுமில்லை. ஆனால் எது காரணம், எது விளைவு?

முதலில், அந்தப் பள்ளி எப்படி ‘காலனிப் பள்ளிக்கூடம்’ ஆனது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. ஊரும் சேரியும் சேர்ந்த ஓர் ஊராட்சியின் பொதுப்பள்ளியில் கிட்டத்தட்ட எல்லோரும் சேரிப் பிள்ளைகள் என்றால், மற்றவர்கள் வெளியேறிவிட்டார்கள் என்றுதான் பொருள். காலை எட்டு மணிக்கு ஊர்த்தெருவில் நின்று பாருங்கள். தனியார் பள்ளி வேன்கள் வரிசையாக வந்து போகும். ஆங்கில வழி, வசதி என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். ‘அவங்க பிள்ளைகளோட உட்கார வைக்க மனசில்லை’ என்பதை மட்டும் வெளியே சொல்ல மாட்டார்கள். காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்ததால் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடாத செய்தி 2023இல் கரூர் மாவட்டத்திலிருந்து வந்ததே, மறந்துவிட்டோமா?

அவர்கள் வெளியேறியதும் பள்ளியில் தலைகள் குறைகின்றன. இதன் விளைவைச் சட்டத்திலேயே பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர். ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கான பகுதி நேரப் பயிற்றுநர்கள் 100 பேருக்கு மேல் இருந்தால்தான். அதாவது, ஆதிக்கச் சாதியினர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும்போது ஆசிரியர் பணியிடங்களும் அவர்கள் பின்னாலேயே போய்விடுகின்றன. எஞ்சிய பிள்ளைகளுக்கு விளையாட்டு ஆசிரியர் இல்லை, ஓவிய ஆசிரியர் இல்லை. இருக்கும் ஆசிரியரோ இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறார். பிறகு கற்றல் நிலை குறைகிறது. அதைக் காட்டியே இன்னும் நான்கு குடும்பங்கள் பிள்ளைகளை மாற்றுகின்றன. கடைசியில் பழி, போக வழியில்லாமல் நின்ற பிள்ளையின் தலையில்.

இரண்டாவது, வகுப்பறைக்குள் நடப்பது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களிடம் புதிர்களைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியை அறிவிக்காதபோது தலித் சிறுவர்களுக்கும் உயர்சாதிச் சிறுவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எல்லோர் முன்னிலையிலும் சாதியை அறிவித்ததும் தலித் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. பத்து நிமிடத்தில் அவர்களின் மூளை மாறிவிட்டதா என்ன? ஒரே ஒரு அறிவிப்புக்கே இப்படி என்றால், “ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்திரு” என்று ஆண்டு முழுவதும் கேட்கும் பிள்ளையின் நிலை என்ன?

ரேமா ஹன்னா, லீ லிண்டன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. விடைத்தாள்களின் முகப்பில் மாணவரின் சாதி விவரத்தைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி, ஆசிரியர்களைத் திருத்தச் சொன்னார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. வேறுபாடு சிறியதுதான், ஆனால் இருந்தது.

சரி, சாதி அடையாளத்தையே பள்ளியிலிருந்து எடுத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொன்னது. கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் பெயரை நீக்குவதோடு கணக்கையும் நீக்கிவிடக் கூடாது. எந்தப் பள்ளியில் யார் படிக்கிறார்கள், எத்தனை பணியிடம் காலி, யார் எட்டாம் வகுப்போடு நிற்கிறார்கள் என்ற கணக்கு இல்லாவிட்டால் பாகுபாட்டை நிரூபிக்க நம்மிடம் எதுவும் இருக்காது. வகுப்பறையில் சாதியைச் சொல்லக் கூடாது. அரசின் பதிவேட்டில் அது இருந்தே ஆக வேண்டும். இவை இரண்டும் முரண் அல்ல.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடியவை உண்டு. உங்கள் ஊர் நடுநிலைப்பள்ளியின் ஐந்தாண்டு மாணவர் சேர்க்கை, ஆசிரியர் பணியிடம், காலியிடம் மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். தேர்வு முடிவை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு விகிதப்படி இடம் வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. நம் தாய்மார்கள் கையெழுத்துப் போட மட்டும் அழைக்கப்படுகிறார்களா என்று பாருங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு மாலை நேரப் பயிற்சி கொடுக்க ஒரு கல்லூரி மாணவர் போதும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அந்தத் தாயிடம் பேசினேன். “நான் கேட்டது தப்பாங்கண்ணா?” என்றார். தப்பில்லை அக்கா, அடுத்த கூட்டத்திலும் அதையே கேளுங்கள் என்றேன். அடுத்த முறை அவர் தனியாக எழுந்து நிற்கக் கூடாது. அதற்கு நாம்தான் போக வேண்டும்.

ஜெய்பீம்.