டப்பாவில் தூங்கும் பல்செட்

கல்யாணப் பந்தியில் எல்லோரும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்க, ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி மட்டும் அதை ரசத்தில் ஊறவைத்துக்கொண்டிருப்பார். வடை அப்படியே இலையில் கிடக்கும். “பல்செட்தான் கட்டியாச்சே பாட்டி, போட்டுக்கலையா?” என்று பேத்தி கேட்டால், “அது குத்துதுடீ... வீட்ல டப்பால கிடக்கு” என்று பதில் வரும்.

இப்படி டப்பாவில் தூங்கும் பல்செட்கள் பல வீடுகளில் உண்டு. “பழகிக்கவே மாட்டேங்கிறாங்க” என்று வீட்டில் உள்ளவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால், பல நேரங்களில் குறை பெரியவர்களிடம் இல்லை. அது அவர்கள் வாய்க்குப் பொருந்தாத செட்டாக இருக்கும். அல்லது முன்பு பொருந்தி, இப்போது தளர்ந்துபோன செட்டாக இருக்கும். மெல்ல முடியாததால் சுண்டல், காய்கறி, கீரை, பழம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து மறையும். மிஞ்சுவது குழைந்த சாதமும் ரசமும்தான். உடம்பு இளைப்பது அப்புறம்தான் கண்ணில் படும்.

எந்த வகை பல்செட் என்பதை விலையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. வாயில் எத்தனை பற்கள் மிச்சம் இருக்கின்றன, தாடை எலும்பு எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

சில பற்கள் மட்டும் இல்லையா?

இதற்குப் பகுதி பல்செட் போதும். இதில் மூன்று வகைகள் அதிகம் பயன்படுகின்றன.

அக்ரிலிக் செட்: செலவு குறைவு. பின்னாளில் இன்னொரு பல் விழுந்தாலும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால், சற்றுத் தடிமனாக இருக்கும். முழு பாரமும் ஈறின் மேல் விழுவதால், இது பெரும்பாலும் தற்காலிகத் தீர்வாகவே பரிந்துரைக்கப்படும்.

உலோக செட்: கோபால்ட்-குரோமியம் கலவையில் வார்க்கப்படுவது. மெல்லியது, உறுதியானது. மிச்சமுள்ள பற்களின் மேலும் அமர்வதால் ஈறுக்குப் பாரம் குறையும். சிரிக்கும்போது கம்பிக் கொக்கி வெளியே தெரியலாம் என்பது ஒரு குறை.

ஃப்ளெக்ஸிபிள் செட்: நைலான் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. கொக்கியும் ஈறு நிறத்திலேயே இருப்பதால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால், உடைந்தால் ஒட்டுவதும், புதிதாகப் பல் சேர்ப்பதும் கடினம்.

ஒரு பல்லும் இல்லையா?

அப்போது முழு பல்செட். மேல் செட் அண்ணத்தில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. நாக்கும் கன்னமும் அதை அசைத்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு, பல் எடுத்த பிறகு தாடை எலும்பு தேயும். முதல் வருடத்தில் அந்த வேகம் அதிகம். நீண்ட காலத்தில் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை சுமார் 4 மடங்கு அதிகமாகத் தேய்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கீழ் செட் ஆடுகிறது என்று பெரியவர்கள் சொன்னால், அது சாக்கு இல்லை.

பல் எடுத்த அன்றே மாட்டும் செட்டும் உண்டு. பொக்கை வாயோடு வெளியே போக வேண்டியதில்லை. ஆனால், புண் ஆறி ஈறு சுருங்கும்போது அது தளரும். அப்போது உட்புறத்தில் புதிதாகப் பூச்சு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு வழி, ஓவர்டென்சர். பல்லின் வேர்கள் ஒன்றிரண்டு உறுதியாக இருந்தால், அவற்றை எடுக்காமல் சிகிச்சை செய்து, அவற்றின் மேல் செட்டை உட்காரவைப்பார்கள். வேர் இருக்கும் இடத்தில் எலும்பு தேய்வதும் குறையும். வேரே இல்லையென்றால், கீழ்த்தாடையில் 2 இம்ப்ளான்ட் வைத்து, அவற்றில் செட்டைப் பொருத்தலாம். பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் கூறினார்கள். செலவு அதிகம்தான். ஆனால், “எல்லாத்தையும் பிடுங்கிட்டு செட் கட்டிடுங்க” என்று சொல்வதற்கு முன், காப்பாற்றக்கூடிய பல்லோ வேரோ இருக்கிறதா என்று டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* இரவில் கழற்றி, தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈறுக்கு ஓய்வு வேண்டும். சுடுதண்ணீர் கூடாது, செட் வளைந்துவிடும்.

* ஒரு பல், இரண்டு பல் உள்ள சின்ன செட்டோடு தூங்கினால் விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. வலிப்பு வருபவர்கள் செட் கட்டும் முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

* பற்பசை செட்டில் கீறல் போடும். மென்மையான பிரஷ், மிதமான சோப்பு போதும். கழுவும்போது கீழே துண்டு விரித்துக்கொண்டால், கை தவறினாலும் உடையாது.

* முதல் சில வாரங்கள் மென்மையான உணவைச் சின்னத் துண்டுகளாக, இரு பக்கமும் மென்று பழகுங்கள். பேச்சு குழறினால், தினமும் செய்தித்தாளைச் சத்தமாக வாசியுங்கள்.

* குத்தும் இடத்தை வீட்டில் அரம் வைத்துத் தேய்க்காதீர்கள். டாக்டர் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார். 2 வாரங்களுக்கு மேல் ஆறாத புண் என்றால், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளும் பரிசோதனை அவசியம்.

* செட் நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள்.

புது செட் கட்டினால்தான் ஆகும் என்றில்லை. சில செட்களுக்கு உட்பூச்சு மட்டுமே போதும். செலவுக்கு யோசிப்பவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். இந்த வாரம் பாட்டியையும் அந்த டப்பாவையும் சேர்த்தே அழைத்துப் போங்கள். அடுத்த பந்தியில் அவர் இலை வடையை அவரே சாப்பிடட்டும்.