களப்பைக் காட்டுமுன் காவலை வையுங்கள்

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் வருகிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்ரோபரில் தொடங்கிய கப்பல் சேவை நின்றும் தொடர்ந்தும் ஓடுகிறது. வடக்குக்கு வருவது இப்போது பெரிய காரியமில்லை. வருகிறவர்களும் நல்லூர், கோட்டை, நூலகம், ஒரு கோப்பை கூழ் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுவதில்லை. சுண்டிக்குளத்துக்கு எந்தப் பாதை, வங்காலையில் பூநாரை இறங்கிவிட்டதா, நெடுந்தீவுப் படகு எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் நம் கரையோரக் காடுகளையும் களப்புகளையும் விளம்பரத்தில் ஏற்றுவதில் உள்ள வேகத்தில் கால்வாசிகூட அவற்றைக் காப்பதில் இல்லை. ஓர் இடத்துக்கு உள்ளூர் வழிகாட்டியும் காவலரும் கழிப்பறையும் குப்பை அகற்ற ஓர் ஏற்பாடும் வரும்வரை அந்த இடத்தின் படத்தைச் சுற்றுலாச் சுவரொட்டியில் போடக் கூடாது என்பதே நமது நிலைப்பாடு.

வருகிறவர் அறிய வேண்டிய முதல் விடயம் பருவம். புலம்பெயர்ந்த நம் உறவுகளில் பெரும்பாலோர் ஆடி, ஆவணியில் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அப்போதுதான் பள்ளி விடுமுறை. நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான். கோயிலுக்கு அது காலம், களப்புக்கு இல்லை. சோளகம் அடித்து, களப்புகள் வற்றி, தரவை வெடித்துக் கிடக்கும். வலசைப் பறவைகள் போய் மாதங்கள் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் அவர்களைச் சுண்டிக்குளத்துக்குக் கூட்டிப்போய் வெறும் உப்புத் தரையைக் காட்டிக் காசு வாங்குவது ஏமாற்று. பறவை பார்க்க விரும்புகிறவர் தையிலிருந்து பங்குனிக்குள் வர வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் நிரம்பிய நீர் அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். பூநாரைக்கும் வாத்துக்கும் உள்ளானுக்கும் வேண்டியது அந்த ஆழம் குறைந்த நீர்தான். அவசரப்பட்டுக் கார்த்திகையிலேயே வந்தால் வெள்ளத்துக்கும் புயலுக்கும் பயந்து விடுதி அறையில் அடைந்து கிடக்க நேரும்.

மன்னார்த் தீவுக்குப் போகும் நெடுஞ்சாலை வங்காலைச் சரணாலயத்தின் ஊடாகவே செல்கிறது. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள இந்த நிலம் 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளுக்கு இது இரையும் இருப்பிடமும் தருகிறது. இங்கே பறவை பார்க்கச் சேற்றில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. காலையில் வெயில் ஏறுமுன், வாகனத்தைப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்தால் போதும். நின்றுகொண்டிருக்கும் வண்டியைப் பறவைகள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இரண்டு காலில் நடந்து வரும் மனிதரைக் கண்டால்தான் கூட்டமாக எழும்புகின்றன.

அந்த எழும்பலைப் படம் பிடிக்கவே சிலர் ஓடுகிறார்கள், கைதட்டுகிறார்கள், ட்ரோன் விடுகிறார்கள். வானம் முழுக்க இளஞ்சிவப்புச் சிறகு என்றால் முகநூலில் விருப்பக்குறிகள் குவியும், உண்மை. பூநாரைக்கு அது எப்படி? தலையைக் கவிழ்த்து, சேற்று நீரை அலகால் வடித்து, மிகச் சிறிய உயிரிகளைத் தின்று பிழைக்கிற பறவை அது. நாள் முழுக்க மேய்ந்தால்தான் வயிறு நிரம்பும். ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் மேய்ச்சல் நேரமும் சேர்த்து வைத்த கொழுப்பும் வீணாகின்றன. மாசி, பங்குனி என்பது வலசைப் பறவைகள் திரும்பிப் போவதற்காக உடம்பைத் தேற்றிக்கொள்ளும் காலம். பறவை பார்க்கும் பயணிகள் கூடுவதும் அதே காலத்தில். அந்தத் திரும்பிப் போகும் பாதை எவ்வளவு நீளம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தி விட்ட ஒரு கடற்காகம், 2021இல் ருஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய் மீண்டும் மன்னாருக்கே வந்து சேர்ந்தது. போகவர 19,000 கிலோமீற்றருக்கு மேல். அப்படிப்பட்ட விருந்தாளியை ஒரு காணொளிக்காக விரட்டுவது தண்டிக்கப்பட வேண்டிய குற்றம். பறவைக் கூட்டத்தின் மேல் ட்ரோன் விடுகிறவரிடம் கருவியைப் பறிமுதல் செய்யும் நாள் வந்தால்தான் இந்தப் பழக்கம் ஓயும் என்று தோன்றுகிறது.

அறிவிப்புகளுக்கு வடக்கில் பஞ்சமில்லை. 1938இல் பறவைகள் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கிடமானது. பெயரும் பரப்பளவும் வர்த்தமானியில் பத்திரமாக இருக்கின்றன. விடத்தல்தீவுக்கு அடுத்து நடந்ததைப் பாருங்கள்: 2024இல் அதே வர்த்தமானி வழியாகவே 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்க முயன்றார்கள். சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகுதான் அது நின்றது. ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போகலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

இதற்குக் கரையோர மக்கள் ஏன் கொதித்தெழவில்லை என்று கேட்கிறவர்கள், அந்த மக்களின் அனுபவத்தையும் கேட்க வேண்டும். திணைக்களங்கள் வரைந்த எல்லைக்குள் தங்கள் வயலும் மேய்ச்சல் தரவையும் அகப்பட்டதாகக் கிளிநொச்சியிலிருந்து மன்னார்வரை முறைப்பாடு இருக்கிறது. போரில் இடம்பெயர்ந்து திரும்பியவனுக்கு, முன்னர் ஆமி நட்ட வேலியும் இன்று வனசீவராசிகள் திணைக்களம் நடும் எல்லைக்கல்லும் ஒன்றுபோலவே தெரிகின்றன. சுற்றுலா வருமானமும் அவன் பக்கம் திரும்பவில்லை. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கடலைப் பார்த்தபடி எழுந்த விடுதிகளில் பெயர் பெற்றவை எவை? காங்கேசன்துறையில் இராணுவம் நடத்திய தல்செவன, காரைநகருக்கு அப்பால் கடற்படை நடத்திய ஹம்மன்ஹீல் கடற்கோட்டை. வந்தவர் பணம் சீருடைக்குப் போக, வெற்றிலைக்கேணிக்காரருக்கும் கட்டைக்காட்டுக்காரருக்கும் மிஞ்சியது வாகனப் புழுதி.

ஆகவே காவலர் என்று நாம் சொல்வது கொழும்பிலிருந்து மாற்றலாகி வரும் இன்னொரு அதிகாரியை இல்லை. ஒவ்வொரு கரையோர ஊரிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. எந்த மாதம் களப்பு முகம் உடைத்துக் கடலோடு சேரும், சிறகுவலை எங்கே கட்டியிருக்கிறது, எந்தச் சேறு ஆளை விழுங்கும், முதலை எங்கே வெயில் காயும் என்பது அந்தச் சங்கத்தாருக்குத் தெரியும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை அவர்களுக்குச் சட்டப்படி ஒதுக்கி, பறவை இனம் அறியும் பயிற்சியைப் பல்கலைக்கழகங்கள் கொடுத்து, வழிகாட்டி இல்லாமல் களப்புக்குள் எவரும் இறங்கக் கூடாது என்று விதி செய்யலாம். வாடைக் காலத்தில் தொழில் படுத்துவிடும் வீடுகளில் அந்தக் காசு அடுப்பெரிக்கும். வழிகாட்டிகளே குழுச் சேர்ந்து விலையேற்றி அட்டகாசம் செய்வார்கள் என்ற அச்சம் நியாயமானதுதான். கட்டணத்தை எழுதி வாசலில் தொங்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வழிகாட்டி வேண்டும் என்பதற்கு உயிர்க் காரணமும் உண்டு. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் படம் எடுக்க நெருங்காதீர்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் குறுக்கு வழி தேடாதீர்கள். கடலும் எல்லா இடத்திலும் ஒரே குணமுடையது இல்லை. காரைநகர் கசூரினாவில் குழந்தைகள் அளையலாம். மணற்காட்டிலும் வடமராட்சி கிழக்கிலும் வாடை வீசும்போது காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது புத்தி. மணற்காட்டில் பார்க்க வேண்டியது மணல்மேடுகளையும் அவற்றில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் எச்சத்தையும்தான். அந்த மேடுகளைப் பிடித்து நிறுத்துவது இராவணன் மீசைப் புல். அதன் மேல் வண்டி ஏற்ற வேண்டாம். ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில் வைகாசி முதல் ஆலாக்கள் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. அந்த மாதங்களில் அங்கே கால் வைக்கவே கூடாது.

நெடுந்தீவைத் தனியாகச் சொல்ல வேண்டும். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரப் படகு. காற்று கூடினால் படகு இல்லை. காலையில் இறங்கி, முச்சக்கரவண்டியில் குதிரை, பெருக்கமரம், புறாக்கூடு, வளரும் கல் என்று ஓடிவிட்டு மாலைப் படகுக்குப் பறப்பதுதான் இப்போதைய வழக்கம். அந்த ஓட்டத்தில் தீவுக்கு மிஞ்சுவது வெற்றுப் போத்தல்கள். நன்னீர் அருமையான தீவு அது. கோடை முற்றும்போது ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள் தண்ணீரில்லாமல் சாகின்றன. வருகிறவர்கள் குடிநீரைக் கையோடு கொண்டுவந்து, வெற்றுப் போத்தலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். குதிரைக்கு பிஸ்கட் நீட்டுவதை விட, தங்குமிடம் தரும் ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கி அங்கே சாப்பிடுவது தீவுக்குப் பெரிய உதவி. குதிரைகளின் குளங்களைத் தூர்வாருவதற்கென்றே படகுத்துறையில் ஒரு சிறு தொகை அறவிட்டால் எந்தப் பயணியும் மறுக்கப்போவதில்லை.

காற்றாலையும் கனிய மணல் அகழ்வும் மன்னாரை மென்று தின்னும்போது, பூநாரையைத் துரத்தும் நாலு பேரைப் பற்றித் தலையங்கமா என்று சிலர் கேட்கக்கூடும். 2020இல் தம்பபவனி காற்றாலை வந்தது. அதானி நிறுவனம் 2025இல் தன் திட்டத்திலிருந்து விலகியது. அதே ஆண்டில் புதிய கோபுரங்களுக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். அந்த ஆபத்துகளே பெரியவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பறவையால் ஒரு வீட்டுக்கு உலை கொதிக்கிற ஊரில் மணல் லொறி நுழைவது கடினம். களப்பைப் பார்க்க வருகிறவரால் நேரடியாகப் பிழைக்கும் ஐம்பது குடும்பம், நீதிமன்றத்தில் நிற்கும் சூழல் அமைப்புக்குத் தோள் கொடுக்கும்.

யார் செய்வது? மாகாண சபை இருந்தால் நியதிச் சட்டம் கேட்டிருப்போம். வடக்கு மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. தேர்தல் நடத்துவது பற்றிக் கொழும்பு பேச்சோடு நிறுத்திக்கொண்டது. 2025 மே மாதத்தில் மக்கள் தெரிவு செய்த பிரதேச சபைகள் இருக்கின்றன. பருத்தித்துறை, நானாட்டான், நெடுந்தீவுப் பிரதேச சபைகள் வாகனத் தரிப்பு, குப்பை, கட்டணம் பற்றி உபவிதி வரையத் தொடங்கத் திணைக்கள அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கார்த்திகை மழை தொடங்குமுன் அந்த உபவிதிகளுக்கான தீர்மானம் சபைகளுக்கு வர வேண்டும். அதுவரை வடமாகாண சுற்றுலாப் பணியகம் தன் புதிய கையேட்டில் சுண்டிக்குளத்தின் பக்கத்தை வெற்றாகவே விடட்டும்.