ஊர்க் கிணற்று நீரை ஊராருக்கே விற்பதா?

ஊரார் காசு போட்டு வெட்டிய கிணற்றில் தண்ணீர் மொண்டு, "இது என் தோட்டத்து ஊற்று நீர்" என்று சொல்லி ஊராருக்கே ஒருவன் விற்றால் விடுவோமா? கம்ப்யூட்டர் உலகில் இந்தப் பித்தலாட்டம் 'வியாபாரம்' என்ற பெயரில் நடந்திருக்கிறது.

பிளெண்டர் என்பது கம்ப்யூட்டரில் உருவங்களைச் செய்து அசையும் படமாக்கும் மென்பொருள், நெதர்லாந்தில் பிறந்தது. 2002-ல் அதை நடத்திய கம்பெனி திவாலாயிற்று. முதல் போட்டவர்கள், அதைப் பொதுவில் விட ஒரு லட்சம் யூரோ கேட்டார்கள். அதை உருவாக்கிய டோன் ரோசன்டால் ஜனங்களிடம் போனார். பல நாட்டு ஜனங்களும் கொடுத்தார்கள். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது! 2002 அக்டோபர் 13-ல் பிளெண்டர் எல்லோருக்கும் உரியதாயிற்று. அதை ஆக்கிய விதத்தை வரிக்கு வரி காட்டும் மூல நிரலும் பகிரங்கமாயிற்று. யாரும் காசில்லாமல் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதில் உருவான 'ஃப்ளோ' என்ற லாத்வியப் படம் 2025-ல் ஆஸ்கார் பரிசே பெற்றது.

வியாபாரிகள் சிலர் என்ன செய்தார்கள்? அதே பிளெண்டருக்கு வேறு பெயர் சூட்டினார்கள். இலவசமாகக் கிடைக்கும் சரக்கு என்பதை மறைத்து விலைக்கு விற்றார்கள். பிளெண்டர் அறக்கட்டளையே ஜனங்களை எச்சரிக்க நேர்ந்தது!

"விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறதே!" என்று வக்காலத்து வாங்குவோர் உண்டு. ஆம், ஜி.பி.எல். என்னும் உரிமப் பத்திரம் விற்பனையைத் தடுக்கவில்லை. தட்டில் பதித்துக் கொடுக்கவும், சொல்லிக் கொடுக்கவும் கூலி வாங்கட்டும். உழைப்புக்குக் கூலி கேட்பதை நாமா எதிர்ப்போம்? ஆனால் அதே பத்திரம், உரிமத்தை வாங்குபவனுக்குக் கொடு, மூல நிரலைக் கிடைக்கச் செய், ஆக்கியவர்களின் பெயர்க் குறிப்பை அழிக்காதே, அவன் பிறருக்குக் கொடுப்பதைத் தடுக்காதே என்றும் கட்டளையிடுகிறது. விற்பது குற்றமல்ல, மறைத்து விற்பதே மோசடி!

இதில் ஏமாறுவது யார்? விவரமறிந்த பெரிய கம்பெனி ஏமாறாது. கடன் வாங்கி மகனைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கும் ஆலைத் தொழிலாளியும், நாற்று நட்ட கூலியை மகளின் படிப்புக்குச் சேர்க்கும் தாயுமே ஏமாறுவார்கள்.

தோழர்களே! மென்பொருளுக்குப் பணம் கொடுக்குமுன் கேளுங்கள்: இதன் அசல் பெயர் என்ன? உரிமப் பத்திரம் எங்கே? இலவசமாகக் கிடைக்குமா? பதில் சொல்ல மழுப்புகிறவனிடம் ஒரு காசும் கொடாதீர்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பலர் கூடி உழைத்ததைப் பலருக்கும் உரியதாகவே காப்போம்!