காருக்கு வழி, காலுக்குத் தடை

பேரிலேயே ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. சிறுமலை! 'சிறு' என்று முன்னால் ஒட்டிக்கொண்டதால், ஏதோ கோயில் குன்று மாதிரி காலையில் ஏறி டிபனுக்குள் இறங்கிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். திண்டுக்கல் கோட்டை நிற்கிற பாறை வேண்டுமானால் அப்படி. சிறுமலை அப்படிப்பட்டது கிடையாது. திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. மலையின் மேல்பரப்போ 1000 மீட்டரைத் தாண்டுகிறது. நகரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர், 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் பழையூர், புதூர், அகஸ்தியர்புரம், அதற்கும் மேலே சிவன் இருக்கும் வெள்ளிமலை.

அனுமார் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த ஒரு துண்டுதான் இது என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும். இன்றைக்கு இந்த மலையில் நடக்கிற ஒரு வேடிக்கையைப் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அடிவாரத்தில் இரண்டு வகை ஆட்கள். முதல் வகை, காரில் ஐந்து பேர். டிக்கியில் பிரியாணிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில் பெட்டி, அதற்கு அடியில் வேறு பாட்டில்கள். இரண்டாவது வகை, கல்லூரி மாணவர்கள் நான்கு பேர். முதுகில் பை, பையில் புளிச்சோறு, காலில் ஷூ. இவர்களுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். மலையை நடந்து பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

இதில் மலைக்கு ஆபத்தானவர்கள் யார்? சின்னப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லிவிடும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? ரோடு பொது ரோடு, கார் தாராளமாகப் போகலாம். ரோட்டை விட்டு ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் காலை வைத்தால் அத்துமீறல். 1882-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட வனச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆக, வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறவர் சுற்றுலாப் பயணி, ஒற்றையடிப் பாதையில் நடக்கிறவன் குற்றவாளி!

சட்டமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காட்டுக்குக் காவல் கட்டாயம் வேண்டும். அந்தக் காவல் யாரைத் தடுக்கிறது, யாரை விடுகிறது என்பதுதான் கேள்வி.

இந்த மலையில் நடப்பது புதுப் பழக்கமா என்ன? ரோடு வருவதற்கு முன்னால் மேலே போக இருந்தது கால்தடம் மட்டும்தான். இன்றைக்கும் ரோடு போகாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் குதிரை முதுகில்தான் வருகின்றன. அங்கிருந்து வண்டியேறித் திண்டுக்கல் சிறுமலை செட்டுக்கு ஏலத்துக்குப் போகின்றன. புவிசார் குறியீடு வாங்கிய சிறுமலை வாழைப்பழத்தைச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குதிரைப் பாதை தெரியும்? முடிக்கொத்து நோய் வந்து மலைவாழையை அழித்தபோது நொடித்துப் போன குடும்பங்கள் அந்தப் பாதைகளில் நடந்தவர்கள். அவர்களுக்கும் முன்பிருந்தே காட்டில் தேனும் மூலிகையும் எடுத்து வாழ்ந்தவர்கள் பளியர்கள். ஒவ்வொரு ஓடையும் எங்கே பிறக்கிறது, எந்தப் பள்ளத்தில் காட்டுமாடு படுக்கும், எந்த மாதம் எந்தப் புல் காயும் என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். இந்த அறிவுக்கு ஒரு நாள் கூலி என்ன? இப்போதைக்குப் பூஜ்யம்.

இந்த இடத்தில் ஒருவர் கையைத் தூக்குவார். "குரங்கணி மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். அரசு அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாக நியமித்தது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தனி விதிகளும் வந்தன.

குரங்கணி சொல்லிக் கொடுத்த பாடம் என்ன? மார்ச் மாதம், காய்ந்து கிடக்கும் புல்வெளி. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். தீக்கு மேலே இருக்கிற புல் முன்கூட்டியே சூடாகிப் பற்றத் தயாராக நிற்கும். இதைத் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்து, எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் ஓடை என்று கை காட்டுவது எவ்வளவு முக்கியம்! அன்றைக்குச் சத்தம் கேட்டு முதலில் மேலே ஓடியவர்கள் யார்? உள்ளூர் மக்கள். கிடைத்த போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் அவர்கள்தான். ஹெலிகாப்டர் அதற்குப் பிறகு வந்தது.

ஆக, பாடம் தெளிவானது. கோடையில் போகாதே, உள்ளூர் ஆள் இல்லாமல் போகாதே, எத்தனை பேர் போனார்கள் என்று கீழே கணக்கு இல்லாமல் போகாதே. நடக்கவே நடக்காதே என்பது அந்தப் பாடத்தில் இல்லை. பஸ் கவிழ்ந்தால் ஓட்டுநர் உரிமத்தைச் சரிபார்ப்பார்களா, ஊரில் பஸ்ஸே ஓடக்கூடாது என்பார்களா?

அரசுக்கும் இது புரியாமல் இல்லை. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தார்கள். இணையத்தில் பதிவு, கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, காட்டுத்தீ காலத்தில் மூடல். நல்ல காரியம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஆரம்பித்த வேகத்திலேயே கட்டணம் அதிகம் என்று குரல் எழுந்தது, பிறகு குறைத்தார்கள். காரணம் புரிகிறதா? மலையேற்றத்தை ஐ.டி. கம்பெனிக்காரரின் வார இறுதிப் பொழுதுபோக்காக நினைத்து விலை வைத்தால், மலைக்கு அடியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது எட்டாது. சின்னாளபட்டியிலும் காந்திகிராமத்திலும் வாடிப்பட்டியிலும் நத்தத்திலும் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலை. அந்த ஊர்ப் பையனும் பெண்ணும் படம் பார்க்கிற காசில் ஒரு நாள் நடந்துவிட்டு வர முடியாதா?

சரி, வரவு செலவு பார்ப்போம்.

காரில் வருகிற ஐவர் கூட்டம் மலையில் செலவழிப்பது எவ்வளவு? டீசல் திண்டுக்கல்லில் போட்டாயிற்று. சாப்பாடு கீழேயே கட்டியாயிற்று. மற்ற பாட்டில் டாஸ்மாக்கில் வாங்கியாயிற்று. மேலே வாங்குவது ஒரு டீ, மனசு இருந்தால் ஒரு சீப்பு வாழைப்பழம். விட்டுப் போவதோ காலி பாட்டில், பாலிதீன் பை, உடைந்த கண்ணாடி. லாபம் கீழே, நஷ்டம் மேலே. இந்தச் செலவு எந்தக் கடையின் பில்லிலும் வராது. கண்ணாடி குத்திய குதிரையின் குளம்பிலும் காட்டுமாட்டின் காலிலும் போய்ச் சேரும். 2019 ஜனவரி 1 முதல் ஒரு முறை பயன்படுத்தும் ப்ளாஸ்டிக் தடை இருக்கிறது என்பதை வளைவோரம் கிடக்கும் கப்புகளிடம் யாராவது சொன்னால் தேவலை.

இதற்கு வழியில்லாமல் இல்லை. நீலகிரியில் 2022-இல் மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரும் திட்டம் வந்தது. நீதிமன்றம் அழுத்திச் சொன்னதால் வந்தது, பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. பத்து ரூபாய்தான். ஆனால் காட்டில் எறிந்தால் நஷ்டம் என்று ஆனதும் கை தானாகத் தயங்குகிறது. பக்கத்திலிருக்கும் கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்தில் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். மலைக்கு ஒரு கொள்ளளவு உண்டு என்று அங்கே ஒப்புக்கொண்டாயிற்று. சிறுமலை மட்டும் என்ன, அடியில்லாத பானையா?

இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். பாலிதீன் உறையைப் பிரித்து வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடவில்லை. நாள் தவறாமல் கூட்டம் 'உலக முடிவு' வரைக்கும் நடந்துவிட்டு வருகிறது.

இன்னும் கிட்டத்தில், குமுளியைத் தாண்டினால் தேக்கடி. 1990-களின் கடைசியில், காட்டில் பட்டை திருடியவர்களையும் வேட்டையாடியவர்களையும் பெரியாறு காப்பகத்தில் ஒரு குழுவாகச் சேர்த்தார்கள். வழக்கையும் ஜெயிலையும் காட்டி மிரட்டுவதற்குப் பதிலாக வேலை கொடுத்தார்கள். பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போகிற வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். திருடத் தெரிந்தவனுக்குத்தான் திருடன் வரும் பாதை தெரியும்! தேக்கடியில் முடிந்தது, 100 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கிற சிறுமலையில் ஏன் முடியாது?

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதலாவது, பழைய ஊர்ப் பாதைகளில் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து ஒரு நாள் நடைக்குத் திறக்க வேண்டும். காலையில் ஏறி மாலைக்குள் இறங்குவது மட்டும். இரவுக் கூடாரம், தீ மூட்டுவது எதுவும் கூடாது.

இரண்டாவது, பத்துப் பேருக்கு ஒரு உள்ளூர் வழிகாட்டி கட்டாயம். அவர் பழையூர்க்காரராகவோ புதூர்க்காரராகவோ பளியராகவோ இருக்க வேண்டும். கட்டணத்தில் பெரும் பங்கு அவர் கைக்குப் போக வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்கிறவர்களின் கிராம சபைக்கு மதிப்புக் கொடுத்திருக்கிறது. அந்தச் சபையைக் கேட்டுத்தான் பாதையையே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை. பெயரும் போன் நம்பரும் கீழே எழுதி வைத்து, இறங்கியதும் கையெழுத்து. பிப்ரவரி பாதியிலிருந்து கோடை மழை வரும் வரை கதவைச் சாத்திவிடலாம்.

நான்காவது, நடப்பவனுக்கும் காரில் வருபவருக்கும் ஒரே சோதனை. கொண்டு போகிற பாட்டிலுக்கு முன்பணம், திருப்பிக் கொண்டு வந்தால் பணம் வாபஸ்.

ஐந்தாவது, மாணவர்களுக்குத் தனிக் கட்டணம்.

இதைப் படித்துவிட்டு மாணவர்கள் உடனே கை தட்ட வேண்டாம். அவர்களுக்கும் பாக்கி இருக்கிறது. ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு குத்துப் பாட்டோடு மலை ஏறுகிற கூட்டம் காரில் வருகிறவருக்கு எந்த வகையில் உசத்தி? காட்டுமாட்டோடு செல்ஃபி எடுக்கப் போகிற வீரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழு வளர்ச்சியடைந்த கடா ஒரு டன் எடை வரை இருக்கும். தூரத்தில் நின்றால் அது பாட்டுக்கு மேயும். கிட்டத்தில் திடுக்கிட்டால் அப்புறம் ரீல்ஸ் போட ஆள் இருக்காது.

நேரக் கணக்கும் பலருக்குத் தெரிவதில்லை. ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் உயரத்துக்கு இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் பாதையில் 800 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொண்டால், பழகியவருக்கே இரண்டரை மணி நேரம். முதல் தடவை வருகிறவர் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, போட்டோ எடுத்து ஏறினால் நான்கைந்து மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்குத் தூங்கி எழுந்து அடிவாரத்துக்கு வந்தால் எப்போது இறங்குவது? ஆறரைக்கு மேல் மலையில் கண் தெரியாது. செருப்புக் காலோடு அரை லிட்டர் தண்ணீரை நம்பி வருகிறவனை எந்த வழிகாட்டியும் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு ஆட்சேபணை. "திறந்துவிட்டால் கூட்டம் வரும், காடு கெட்டுப் போகும்." கூட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது ஐயா! நான்கு சக்கரத்தில் வந்துகொண்டே இருக்கிறது. திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் நடக்கிறவர்களும் இல்லாமல் இல்லை. அவர்கள் யாரிடமும் சொல்லாமல் போகிறார்கள். வழி தவறினாலோ கால் உடைந்தாலோ தேடக்கூட ஆள் இருக்காது. அடுத்த குரங்கணிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தேவையா? முன்கதவைச் சாத்திக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வீடு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் என்ன பயன்?

ஒரு மலையை நடந்து பார்த்தவனுக்கு அங்கே ஒரு ஓடை வற்றினால் தெரியும், ஒரு மரம் காணாமல் போனால் தெரியும். சாத்தையாறு அணைக்குத் தண்ணீர் இந்த மலையிலிருந்துதான் வருகிறது, பாலமேட்டு வயல் அதை நம்பி இருக்கிறது என்பது கால் வலித்த பிறகுதான் மண்டையில் ஏறும். நாளைக்கு இந்த மலையில் ஏதோ ஒரு குவாரிக்கோ ரிசார்ட்டுக்கோ யாராவது அளவு எடுத்தால், குரல் கொடுக்கத் திண்டுக்கல்லில் ஆள் வேண்டும். பதினெட்டு வளைவையும் கண்ணாடி ஏற்றிய காரில் கடந்து போனவர் வருவாரா?