61 நாள் காத்திருந்த சட்டம்

அரசமைப்புச் சட்டத்தை அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26 அன்று. குடியுரிமை, தேர்தல் போன்றவை தொடர்பான சில பிரிவுகள் அன்றைக்கே அமலுக்கு வந்துவிட்டன. மற்றவை 61 நாள் காத்திருந்தன, ஜனவரி 26 என்ற தேதிக்காக. 1929 டிசம்பரில் நேரு தலைமையில் லாகூரில் கூடிய காங்கிரஸ், முழு விடுதலையே குறிக்கோள் என்று தீர்மானித்தது. (1927இல் சென்னை மாநாட்டிலேயே இதுபோன்ற தீர்மானம் நிறைவேறியது, அவசரப்பட்டுவிட்டார்கள் என்று காந்தி கடிந்துகொண்டார்.) லாகூருக்குப் பின் வந்த ஜனவரியின் கடைசி ஞாயிறு சுதந்திர தினமாக அறிவிக்கப்பட்டது. 1930இல் அது 26ஆம் தேதி. அதன்பின் 1947 வரை காங்கிரஸ்காரர்களுக்கு அதுவே சுதந்திர தினம். ஆகஸ்ட் 15, ஜப்பான் சரணடைந்த நாளை மனத்தில் வைத்து மவுண்ட்பேட்டன் குறித்துக் கொடுத்த தேதி. அதனால் அநாதையாகிப்போன ஜனவரி 26ஐக் கைவிட மனமில்லாமல்தான் குடியரசை அந்த நாளில் தொடங்கினார்கள்.

முதல் ஜனவரி 26 எப்படி நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊர் ஊராக மக்கள் கூடினார்கள். மேடைப் பேச்சு கிடையாது. காங்கிரஸின் சுதந்திர உறுதிமொழியை வாசித்தார்கள், கூட்டம் அதை ஏற்றது. அந்த உறுதிமொழியில் வீர வசனத்தைவிடக் கணக்கு வழக்குதான் கண்ணில் படுகிறது. சராசரி இந்தியனின் வருமானம் நாளுக்கு ஏழு பைசா. வரியில் நூற்றுக்கு 20 பங்கு விவசாயியின் நிலவரி, 3 பங்கு உப்பு வரி. கைராட்டை அழிந்து கிராமத்தார் ஆண்டில் பல மாதம் வேலையின்றிக் கிடக்கிறார்கள் என்று போகிறது அது. தண்டி யாத்திரைக்கு ஆறு வாரம் முன்பே உப்பு பேசப்பட்டுவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1932இல் இதே நாளுக்காகத்தான் விடுதலைப் போராட்ட வீரர் ஆர்யா என்கிற பாஷ்யம் இருட்டில் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி, பிரிட்டிஷ் கொடி பறந்த இடத்தில் மூவண்ணக் கொடியைக் கட்டினார்.

ஆட்சியிடம் மக்கள் கணக்குக் கேட்ட நாளை, ஆட்சி தன் பலத்தை மக்களுக்குக் காட்டும் நாளாக நாம் மாற்றிக்கொண்டோம் என்பதே என் குறை. 1950இல் தில்லி இர்வின் விளையாட்டரங்கில் தொடங்கிய அணிவகுப்பு 1955 முதல் அன்றைய ராஜபாதையில் நிலைகொண்டது. இன்று குடியரசு தினம் என்றால் பீரங்கியும் அலங்கார ஊர்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. ராணுவ அணிவகுப்பு நாட்டுக்குப் பெருமைதானே என்பார்கள். பெருமைதான், இந்தியரை நிராயுதபாணிகளாக்கியதை அந்த உறுதிமொழியே கண்டித்தது என்று வேண்டுமானால் அவர்கள் தரப்புக்கு ஒரு சான்றும் தரலாம். ஆனால் நாள் முழுவதையும் அணிவகுப்பே எடுத்துக்கொள்ள அது போதாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. அந்த உறுதிமொழி ஒரு கட்சியின் ஆவணம், அரசமைப்புச் சட்டமோ எல்லோருக்கும் உரியது, பழையதைக் கிளறுவானேன்? உண்மை, உறுதிமொழி வெள்ளையர் சுரண்டலைப் பேசிய அளவுக்கு உள்ளூர்ச் சாதிக் கொடுமையைப் பேசவில்லை. அந்தக் குறையை நிரப்பியவர் அம்பேத்கர். ஜனவரி 26 அன்று முரண்பாடுகள் நிறைந்த வாழ்வுக்குள் நுழைகிறோம், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் இருக்கும் என்று 1949 நவம்பர் 25 அன்று அவர் எச்சரித்தார். அதுவும் பாக்கிக் கணக்குதான். சட்டத்தைக் கொண்டாடவோ 2015 முதல் நவம்பர் 26 தனி நாளாகவே இருக்கிறது. ஜனவரி 26 கணக்குக் கேட்கும் நாளாக இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் குடியரசு தினத்தன்று கிராம சபை கூடுகிறது. 1930இன் கூட்டங்களுக்கு உண்மையான வாரிசு தில்லி அணிவகுப்பு அல்ல, இதுதான். பல ஊர்களில் அது தயாராக எழுதிவைத்த தீர்மானத்துக்குக் கையெழுத்து வாங்கும் சடங்காகச் சுருங்கிவிட்டது என்பது வேறு கதை. சபைக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம்: வரவு செலவை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிக்கும்வரை பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.